மங்குஸ்தீன் நிற ஸ்வெட்டரும் சம்பந்தியின் நாலு மணி நேரமும்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கேரித் தீவுத் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கடைச் சாமான் பட்டியலும், கோவில் அர்ச்சனைச் சீட்டில் பேரும் நட்சத்திரமும்தான். மறதியும் சேர்ந்துகொண்டது. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று குழம்பிப்போகும். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சும் வராது, தொண்டையில் பருக்கை மாட்டிய மாதிரி நின்றுவிடும். ஆனால் இந்த ஸ்வெட்டர் விஷயத்தை நினைத்தால் மட்டும் அடுப்படியில் தனியாக நின்றுகூடச் சிரித்துவிடுகிறேன். போன வாரம் அப்படிச் சிரித்ததில் தாளிக்கிற கடுகு கருகி, குழம்பே கசந்துபோனது. இனி எழுதித் தீர்த்துவிடுவதுதான் சமையலுக்கு நல்லது என்று உட்கார்ந்துவிட்டேன்.

மலேசியாவில் இந்தக் கிள்ளானில் ஸ்வெட்டர் யாருக்கு என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். காலை பத்து மணிக்கே முதுகில் வேர்வை ஓடுகிற ஊர் இது. ஆனால் எனக்குப் பின்னல் பிடித்துவிட்டது, என்ன செய்ய? எங்கள் ஃப்ளாட்டில் எதிர் வீட்டில் ஒரு சீன ஆன்டி இருந்தார், என் வயதுதான். மத்தியானம் வேலையெல்லாம் முடிந்ததும் அவர் தன் வாசலில் முக்காலி போட்டுப் பின்னுவார். நான் என் வாசலில் முக்காலி போட்டு அவரைப் பார்ப்பேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஹொக்கியன் தெரியாது. இரண்டு பேர் மலாயும் அரைகுறை. அதனால் பேச்சே இல்லை. அவர் ஊசியை இப்படித் திருப்பினால் நானும் இப்படித் திருப்புவேன். எதிரே உட்கார்ந்து பார்த்துப் பழகினதால் அவருடைய வலது எனக்கு இடது ஆகிவிட்டது. சாப்பிடுவது, கூட்டுவது, கோலம் போடுவது எல்லாம் வலது கையில்தான். பின்னுவது மட்டும் கண்ணாடியில் தெரிகிற ஆள் பின்னுகிற மாதிரி இருக்கும். அப்போது அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பேரப்பிள்ளைக்கு ஒரு குல்லாய் பின்னினேன். போட்ட அஞ்சாவது நிமிஷம் பிள்ளை வீல் என்று கத்தி, நெத்தியெல்லாம் வேர்க்குரு. அதோடு என் மகள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "அம்மா, இனி பாத்திரம் துடைக்கிற துணி மட்டும் பின்னும்மா, புண்ணியமாப் போகும்."

அப்படியிருக்கிறபோதுதான் அந்த நூலைப் பார்த்தேன். கொரோனா காலத்து எம்.சி.ஓ. அடைப்புக்கு முந்தி. கிள்ளான் டவுனில் ஜிப்பும் நாடாவும் விற்கிற ஒரு பழைய கடையில், மேல்தட்டில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. மங்குஸ்தீன் தோலை உடைத்தால் விரலில் ஒட்டுமே ஒரு நிறம், ஊதாவும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல், அதே நிறம். கடைக்கார அம்மா ஒரு பந்தை எடுத்துக் கையில் கொடுத்தார். பூனைக்குட்டியின் காதைத் தொட்ட மாதிரி இருந்தது. எனக்கு ஏனோ வெட்கமாகிவிட்டது. இருந்த பதினோரு பந்தையும் வாங்கிக்கொண்டு, யாரோ துரத்துகிற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வாங்கினேனே தவிர பின்னவில்லை. யாருக்குப் பின்ன? எனக்கென்று பின்னிக்கொள்ளக் கூச்சம். அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மழை பெய்கிற மத்தியானங்களில் எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவேன். ஒருநாள் மகள் பார்த்துவிட்டாள். "நூலுக்குச் சோறும் ஊட்டுவியாம்மா?" என்று கேட்டாள். நான் அலமாரியைச் சாத்தி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இப்போது என் சம்பந்தியைச் சொல்ல வேண்டும். மகளுடைய மாமியார். பாசாரில், அதாவது காலைச் சந்தையில், முப்பது வருஷம் தோசைக் கடை போட்டவர். அவர் கீழே கார் நிறுத்துமிடத்தில் சிரித்தால் நாலாவது மாடியில் என் வீட்டுக் கண்ணாடி கிளாஸ் அதிரும். எனக்கு நேர் எதிர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று, "பொண்ணோட அம்மா ஊமையா? பரவாயில்லலா, நான் ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கிறேன்" என்று சொன்னவர். சொன்னபடியே இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அவர் மகனும் என் மகளும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் நான்தான் துணைக்குப் போவேன். இடது கையில், முழங்கைக்குக் கீழே, நரம்பையெல்லாம் சேர்த்து ஒரு அறுவை செய்திருக்கிறார்கள். அங்கேதான் ஊசி போடுவார்கள். தொட்டால் உள்ளே கிர்ரென்று ஓடும். சம்பந்தி அதற்கு வைத்த பெயர் மோட்டார். புதிதாக யாராவது வந்தால் கையை நீட்டிவிடுவார். "தொட்டுப் பாருங்க, ஓடுதா? கரண்ட் பில் இல்லாம ஓடுது."

பிரச்சினை குளிர்தான். அந்த இடத்தில் ஏர்கோன் எப்போதும் ஓடும். அதோடு உடம்பிலிருந்து வெளியே போன ரத்தம் மெஷினைச் சுற்றித் திரும்பி வருகிறபோது சில்லென்று ஏறுமாம். "ஐஸ் பெட்டியில வச்ச ரத்தத்தைத் திருப்பி ஊத்துறாங்க சம்பந்தி" என்பார். காலுக்குப் போர்வை போடலாம், ஆனால் ஊசி போட்ட கையை மூடவே கூடாது. நர்ஸ் மிஸ்ஸிகளின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடையில் விற்கிற ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினால் இறுக்கும், அதுவும் கூடாது. அதனால் சம்பந்தி மூன்று மணி நேரம் நடுங்குவார், அப்புறம், "மிஸ்ஸி, போதும், கழட்டு!" என்று கத்துவார். அவர்கள் எவ்வளவு சொன்னாலும் கேட்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

இப்படி ஒரு மணி, முக்கால் மணி என்று விட்டதெல்லாம் உடம்பில் தண்ணீராகச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் விடிகாலையில் படுக்க முடியாமல், மூச்சு வாங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னார், ஒவ்வொரு தடவையும் முழுசாக நாலு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும், இன்னொரு தடவை நுரையீரலில் தண்ணீர் கோத்தால் தாங்குவது கஷ்டம் என்று. சம்பந்தி அப்போதும், "டாக்டர், நான் என்ன கிள்ளான் ஆறா, இவ்வளவு தண்ணி நிக்கிறதுக்கு?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார். ஆனால் போர்வைக்குக் கீழே என் கையைப் பிடித்திருந்த பிடி எனக்கு மட்டும்தான் தெரியும். என் வளையல் வளைந்துபோனது.

அன்று வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். பதினோரு பந்தையும் மெத்தையில் வரிசையாக வைத்தேன். மூன்று வாரத்தில் டாக்டர் திரும்பப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் முடிக்க வேண்டும்.

யோசனை இதுதான். முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டர், ஒரு கை சாதாரணக் கை. மோட்டார் இருக்கிற கை மட்டும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டாகத் திறக்கும். உள்ளே பிரஸ் பட்டன் வைத்துவிட்டால், தேவையான இடத்தைத் திறந்துவிட்டு மற்ற இடத்தை மூடிக்கொள்ளலாம்.

அளவு எடுக்கத்தான் பட்டபாடு. அவரைத் தொட்டு அளக்க எனக்குக் கூச்சம். ராஃபியா கயிற்றை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"வாங்க சம்பந்தி, சுத்துங்க. பாதியில கயிறு தீர்ந்துபோச்சுன்னா பாசார்ல போய் இன்னொரு ரோல் வாங்கிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கயிறு கீழே விழுந்தது. மூன்று தடவை சுற்றினேன், மூன்று தடவையும் வேறு வேறு அளவு. கடைசியில் கயிற்றை மடித்து வைத்துவிட்டு, எப்போதும் போல எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாலேயே அளந்துகொண்டேன்.

அப்புறம் பின்னினேன், பின்னினேன், அப்படிப் பின்னினேன். டயாலிசிஸ் நிலையத்து வராந்தாவில், கொமுட்டர் ரயிலில், குக்கர் விசில் அடிக்கிற வரைக்கும் அடுப்புப் பக்கத்தில். என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, தனியாக இருந்தால் கண்ணிகள் இறுக்கமாக விழும், சிரித்தால் தளர்ந்துவிடும். சம்பந்தி பக்கத்தில் இருந்தபோது பின்னின முதுகுப் பகுதி அப்படியே கடல் அலை மாதிரி வந்தது. "இது என்ன, மேடு பள்ளமா?" என்று கேட்டார். "உங்களாலதான்" என்றேன். "அப்ப நல்லதுதான்லா. என் உடம்புலயும் மேடு பள்ளம் இருக்கு, கச்சிதமா உட்கார்ந்துக்கும்."

பொத்தான் வாங்க இரண்டு பேரும் பிரிக்பீல்ட்ஸ் போனோம். டயாலிசிஸ் இல்லாத நாள். புடவைக் கடைகளுக்கு நடுவில் லேஸும் கொக்கியும் விற்கிற ஒரு சின்னக் கடை. எனக்குச் சின்னதாக, தட்டையாக, கண்ணுக்குத் தெரியாத பொத்தான் போதும். சம்பந்தி அரை வெள்ளிக் காசு அளவுக்குத் தங்க நிறப் பொத்தான் ஒன்றைத் தூக்கினார்.

"இதுதான் வேணும்."

"சாஞ்சு உட்காருற இடத்துக்கு இவ்வளவு பெரிசு எதுக்கு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொத்தான் முன்னாலதானே? முதுகுலயா வைக்கப் போறீங்க?"

கடையில் இருந்த பெண் கேட்டாள், "ஆன்டி, எதுக்கு இது? கெந்திங் மலைக்குப் போறீங்களா?"

"அதைவிடக் குளிரான இடம்மா. வாரம் மூணு தடவை போறேன். மாலையும் போட மாட்டேங்கிறாங்க, காப்பியும் தர மாட்டேங்கிறாங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். தங்கப் பொத்தான் ஆறும், கைக்குப் பிரஸ் பட்டன் ஒரு அட்டையும் வாங்கினோம். சம்பந்தி தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும். நான் டீ குடிக்கும்போது அவர் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு என் டம்ளரை முறைத்தார். "மெதுவாக் குடிங்க சம்பந்தி, நான் கண்ணால குடிச்சிக்கிறேன்." எனக்குப் புரையேறி, டீ மூக்கால் வந்தது.

டாக்டர் வருவதற்கு முதல் நாள் துண்டுகளையெல்லாம் சேர்த்துத் தைத்தேன். முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. மனசுக்குள் சம்பந்தியை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே நான் உட்கார்ந்து, மோட்டார் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கம் திறக்கிற கையை வைத்துத் தைத்தேன். தையல் தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமாக என் ஆயுசில் தைத்ததில்லை.

மறுநாள் நிலையத்தில் எடை பார்க்கிற இடத்திலேயே சம்பந்தி ஸ்வெட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறிவிட்டார். எடையை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று கணக்குப் போடுவார்கள். மிஸ்ஸி, அவளும் நம் தமிழ்ப் பெண்தான், "ஆன்டி, இதைக் கீழ வைங்க, இதோட தண்ணியையும் உங்ககிட்ட எடுத்துடப் போறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலி அங்கிள், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "என்ன கலர்லா இது! மாப்பிள்ளை அழைப்பா?" எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் பறக்கிற மாதிரி இருந்தது.

சம்பந்தி நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரை மாட்டி, தங்கப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டார். மிஸ்ஸி ஊசித் தட்டோடு வந்து, "திறங்க ஆன்டி" என்றாள். சம்பந்தி டப் டப் டப் என்று பிரஸ் பட்டனைப் பிரித்தார். கை முழுசாகத் திறந்தது. பளபளவென்று வலது கை.

மோட்டார் இடது கையில் ஓடிக்கொண்டிருந்தது.

லோரி அங்கிள்தான் முதலில் வாயைத் திறந்தார். "அலாமா! ரோங் சைட்!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, அவருடைய இடதை என் வலதாக வைத்துத் தைத்திருக்கிறேன். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலை. சிரிக்கவில்லை. "பரவாயில்ல சம்பந்தி" என்று ஸ்வெட்டரைக் கழற்றி என் மடியில் வைத்தார். அப்புறம் மிஸ்ஸியிடம் திரும்பி, தணிந்த குரலில், "இன்னைக்கும் மூணு மணி நேரம்தான்மா தாங்குவேன். டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார். அவர் தணிந்த குரலில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

மடியில் கிடந்ததைத் தடவிக்கொண்டே குனிந்தேன். ஸ்வெட்டர், கழுத்து என் பக்கமாக, குப்புறக் கிடந்தது. அலை அலையாக முதுகுப் பக்கம் மேலே, பொத்தானெல்லாம் அடியில். திறக்கிற கை, என் இடது கைப் பக்கம் இருந்தது. ஒரு நிமிஷம் எனக்கே நம்பிக்கை வரவில்லை. என் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். இடதுதான்.

அப்புறம் நடந்ததை மகள் இன்னும் நம்பவில்லை. நான் எழுந்து நின்று கத்தினேன். "மிஸ்ஸி! ஊசி போடாதீங்க! நில்லுங்க!" அந்த அறை முழுக்கத் திரும்பியது. "பின்னால முன்னால! பின்பக்கத்தை முன்பக்கமாப் போடுங்க!"

சம்பந்தி வாயைப் பிளந்தார். "ஐயோ, ஊமைக்கு வாய் வந்துடுச்சு!"

அவரைத் தொட அத்தனை கூச்சப்பட்டவள், நானே போய் அவர் இரண்டு கையையும் பிடித்து, சின்னப் பிள்ளைக்கு ஏப்ரன் மாட்டுகிற மாதிரி முன்னாலிருந்து மாட்டிவிட்டேன். திறக்கிற கை இடது கையில் போய் உட்கார்ந்தது. பின்கழுத்து உயரமாகப் பின்னினது, இப்போது தொண்டை வரைக்கும் ஏறி நின்றது. நெஞ்சு முழுக்க ஒரே மூடல், நடுவில் காற்று நுழையப் பொத்தான் இடைவெளிகூட இல்லை. மிஸ்ஸி முழங்கைக்குக் கீழே மட்டும் திறந்து, மேலே இருந்த பட்டனை மூடி, சுற்றிப் பார்த்தாள். "ஆன்டி, இதுதான் சரி. மாட்டவும் சுலபம், கழட்டவும் சுலபம். இப்படித்தான் பிளான் பண்ணீங்களா?"

"ஆமா, ஆமா" என்று எனக்கு முன்னால் சம்பந்தி சொல்லிவிட்டார். "எங்க சம்பந்தி எல்லாம் யோசிச்சுத்தான் செய்வாங்க. முதுகுல பொத்தான் குத்துது, ஆனா பார்க்கத் தங்கம், அதனால வலிக்கல." நான் அந்த இரண்டு ஓரத்தையும் விலாப் பக்கம் மடித்து ஒதுக்கிவிட்டேன். முதுகு மெத்தையில் நன்றாகச் சாய்ந்தது.

மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் பேசினார். இரண்டாவது மணியில் லோரி அங்கிளோடு சண்டை போட்டார், சம்பந்தியைவிட அங்கிளுக்குத்தான் அதிகமாகக் குளிர்கிறதாம், தனக்கும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று அங்கிள் கேட்டார், "உங்களுக்கு லோரி டார்பாலின் போதும்" என்றார் சம்பந்தி. மூன்றாவது மணி வந்தது. நான் வராந்தாவுக்கு வந்து, வாசல் கண்ணாடி வழியே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி, கழட்டு" என்ற சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் வந்தது. ஆனால் அது குறட்டை.

டாக்டர் வந்தபோதும் குறட்டைதான். அவர் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஸ்வெட்டரைப் பார்த்தார், சட்டென்று புரியாமல் இன்னொரு தடவை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாலு மணி நேரம் முடிந்து மெஷின் கூவியதும் மிஸ்ஸி தோளைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியிருந்தது. சம்பந்தி கண்ணைத் திறந்து, "என்னம்மா, இப்பத்தானே போட்டீங்க?" என்று கேட்டார்.

கழற்ற மறுத்துவிட்டார். அப்படியே வெளியே நடந்தார், முன்னால் மூடி, பின்னால் பப்பரப்பா என்று திறந்து, தங்கப் பொத்தான்கள் முதுகில் ஆட. நான் பின்னாலேயே ஓடி, இரண்டு ஓரத்தையும் கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அப்படித்தான் போனோம், கல்யாணப் பெண்ணின் முந்தானையைத் தூக்கிக்கொண்டு போகிற தோழி மாதிரி. வெயில் மண்டையைப் பிளந்தது. "சம்பந்தி, வேர்க்குது, கழட்டுங்க." "வேர்க்கட்டும்லா! எத்தனை நாளாச்சு எனக்கு வேர்த்து!" இரண்டு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். எங்களைக் கூட்டிப்போக வந்த மகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த இரண்டு கிழவிகளுக்கும் என்ன ஆச்சு என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைப் பிரித்துச் சரியான பக்கம் மாற்றித் தைத்துத் தருகிறேன் என்று அப்புறம் சொன்னேன். சம்பந்தி ஸ்வெட்டரைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் கழற்றச் சொன்னதே இல்லை. லோரி அங்கிளுக்கு இப்போது பச்சையில் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் பின்பக்கம் திறக்கிற மாதிரிதான். மங்குஸ்தீன் நூல் தீர்ந்துவிட்டது. அலமாரியில் அந்த இடத்தில் இப்போது புடவை அடுக்கியிருக்கிறேன், ஒரு துளிகூட வருத்தமில்லை.

இதை டைப் செய்யப்போகிற மகளே, நீ இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவள், அதனால் உன்னைத்தான் கேட்கிறேன். நூல் பதினோரு பந்தா பன்னிரண்டா என்று பார். டாக்டர் சொன்னது மூன்று வாரமா நாலு வாரமா என்று உன் வீட்டுக்காரரைக் கேள். முக்கியமாக, உன் மாமியாரை நிற்கவைத்து, அவர் பக்கத்தில் அதே திசையைப் பார்த்து நின்றுகொண்டு, மோட்டார் எந்தக் கையில் என்று தொட்டுப் பார்த்துச் சரிசெய். எதிரே நிற்காதே.